தவில் பழக எத்தனை வருசம் வேணும்? வன்னியில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் கிளிநொச்சிப் பக்கம் தவில் வாசிக்கிறவன். பின்னேரங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். கோயில் வீதியில் தவிலை இறக்கி வைத்தால் போதும், யாராவது ஒரு தகப்பன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். கல்யாண வீட்டில் சோற்றில் கை வைத்திருக்கும்போதும் கேட்பார்கள். பத்து வருடமாக அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒருமுறை எழுதி வைத்தால் போனில் அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

சுருக்கமாச் சொல்லுங்கோ மாஸ்ரர், தவில் பழகி உழைக்கிறதுக்கு எத்தனை வருசம்?

ஒழுங்காக வகுப்புக்கு வந்து வீட்டிலும் அடித்தால், மூன்றாம் வருடம் ஊர்க் கோயில் பூசைக்கு வாசிக்கலாம். ஐந்து, ஆறு வருடத்தில் கல்யாண வீட்டில் இரண்டாம் தவிலாக நிற்கலாம். ஒரு திருவிழாவை முதல் தவிலாக நின்று கொண்டுபோகப் பத்து வருடம் பிடிக்கும். பெரிய வித்துவான்களுக்குப் பக்கத்தில் இருந்து தனித்தவில் வாசிக்க வேண்டும் என்றால் பன்னிரண்டு, பதினைந்து என்று வையுங்கள். பலருக்கு அது வருவதேயில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் வருடக் கணக்கை நான் அவ்வளவாக நம்புவதில்லை. எத்தனை திருவிழா வாசித்தான் என்று கேளுங்கள். பத்து நாள் திருவிழா, பகலும் இரவும் நாலு நாலு மணித்தியாலம் என்றால் எண்பது மணித்தியாலம். வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் வகுப்புக்கு வருகிறவனுக்கு அது நாற்பது வாரப் பாடம். அதுவும் ஒரு மூத்தவரின் முழங்கைக்குப் பக்கத்தில் நின்று படிக்கிற பாடம். எட்டு வருடம் வகுப்புக்கு மட்டும் வந்தவனைவிட, நாலு வருடம் வகுப்பும் பத்துத் திருவிழாவும் கண்டவனைத்தான் நான் கூட்டிக்கொண்டு போவேன்.

மகனுக்குப் பன்னிரண்டு நடக்குது. பிந்திப்போச்சோ?

பிந்தவில்லை. ஏழு, எட்டு வயதில் வந்தால் காது கெதியாகப் பழகும் என்பது உண்மைதான். ஆனால் தவில் பாரமான வாத்தியம். ஒரே பலாக் கட்டையைக் குடைந்து செய்த உடல், இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிய தோல், வளையம், போல்ட் எல்லாம் சேர்ந்தால் எட்டு வயதுப் பிள்ளை நாடையைத் தோளில் போட்டு நிற்க முடியாது. (நாடை என்பது தவிலைத் தொங்கவிடும் துணிவார்.) அதனால் சின்னப் பிள்ளைகள் முதல் சில வருடம் இருந்தபடிதான் வாசிப்பார்கள். பன்னிரண்டு வயதில் வருகிறவனுக்குத் தோளும் இருக்கும், தாளக் கணக்கும் விளங்கும். சின்னவன் ஒரு வருடம் எடுப்பதை இவன் ஐந்து, ஆறு மாதத்தில் பிடித்துவிடுவான்.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியை இழுப்பார். 1933இல் பிறந்து 1975இல் போய்ச் சேர்ந்த அந்த மேதை சின்ன வயதிலேயே வாசித்தவர் என்பது சரி. அவருடைய தகப்பனார் விசுவலிங்கமும் தவில் வித்துவான். அந்த வீட்டில் பிள்ளை தவழும்போதே தவில் கேட்டிருக்கும். உங்கள் மகனை அவரோடு வைத்து அளக்க வேண்டாம், என்னையும் அளக்க வேண்டாம்.

தவிலா நாதஸ்வரமா? எது கெதியா வரும்?

தொடக்கத்தில் தவில். தட்டினால் சத்தம் வந்துவிடும். நாதஸ்வரத்தில் முதல் மாதங்கள் சத்தத்தோடேயே போராட்டம். சீவாளியை (ஊதும் பக்கம் செருகும் நாணல் துண்டு) நனைத்து, உதட்டில் சரியான இடத்தில் பிடித்து, வயிற்றிலிருந்து காற்றை எடுத்து ஊத வேண்டும். மேலே விரல் வைக்கும் துளை ஏழுதான். கீழே இருக்கும் ஐந்தில் விரல் வைப்பதில்லை. புல்லாங்குழல் மாதிரி மெல்ல ஊதினாலும் நடக்கும் என்று நினைத்து வருகிற பிள்ளைகள் இரண்டாம் கிழமை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். விரல் ஒரே இடத்தில் இருக்கும், ஆனால் காற்றின் அழுத்தத்திலும் உதட்டிலும் சுரம் ஏறி இறங்கும். சுரம் எங்கே நிற்க வேண்டும் என்று காதுதான் சொல்ல வேண்டும், அதனால் முதலில் வாயால் பாடப் பழக வேண்டும். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று போய்த்தான் கீர்த்தனை.

அதனால் மேலே சொன்ன கணக்கில் நாதஸ்வரத்துக்கு ஒரு இரண்டு, மூன்று வருடம் கூட்டிக்கொள்ளுங்கள். ராகம் தனியாக விரித்து வாசிக்கிற நிலைக்கு இன்னும் கூட. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடி வாசித்தால் மணிக்கணக்கில் போகும் என்று பழையவர்கள் சொல்வார்கள். ஒரு ராகத்தை அவ்வளவு நேரம் கையில் வைத்திருக்க எத்தனை வருடம் என்று என்னைக் கேட்டால் நான் தவில்காரன், தப்பித்துக்கொள்கிறேன்.

மூண்டு மாசமா வாறான், இன்னும் வெறும் பலகையிலதான் தட்டுறான். காசு குடுக்கிறது பலகைக்கோ?

இந்தக் கேள்வியைக் கேட்ட தகப்பன் இப்போது என் நல்ல கூட்டாளி. பலகைக்குத்தான் காசு. த, தி, தொம், நம் என்ற சொற்கள் முதலில் வாயில் வர வேண்டும், பிறகு கையில். எந்தச் சொல்லுக்கு வலக்கை விரல், எந்தச் சொல்லுக்கு இடக்கைத் தடி என்று யோசிக்காமல் போக வேண்டும். ஒரே பாடத்தை முதலாம் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகத்தை இரட்டித்து இரட்டித்துச் சொல்ல வேண்டும். வாயில் வராதது கையில் வராது என்று என் குருநாதர் சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்துப்போனது. இப்போது நான் அதையே சொல்கிறேன்.

பெரிய சிக்கல் இடக்கை. பொதுவாக எல்லோருக்கும் அது சோம்பேறிக் கை. அதில் தடியைக் கொடுத்து, வலக்கை விரல்களுக்குச் சமமாக ஓடு என்றால் ஓடாது. பலகையில் தோலின் உதைப்பு இல்லை, அடித்த தடி தானாக எழும்பி வராது. மணிக்கட்டுத்தான் தூக்க வேண்டும். அப்படிப் பழகிய கை பிறகு தோலில் விழும்போது தெளிவாக விழும். தவிலில் தொடங்கியவனுக்குச் சத்தம் பிழையை மூடிவிடும், பலகையில் ஒன்றும் மூடாது. தடிக்குப் பூவரசு வெட்டி, நிழலில் காயவைத்துச் சீவிக் கொள்ளுங்கள். கடையில் வாங்கத் தேவையில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? பத்தாயிரம் மணித்தியாலம் பழகினா வித்துவான் எண்டு சொல்லினமே, உண்மையோ?

பாடசாலைப் பிள்ளைக்குக் காலை ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒன்றரை. வருடத்தில் முந்நூறு நாள் அப்படி அடித்தால் 750 மணித்தியாலம். அதோடு வருடத்துக்கு மூன்று திருவிழா என்றால் இன்னும் 240. பத்து வருடத்தில் 9,900 வருகிறது. பார்த்தால் அந்தப் பத்தாயிரத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறோம், நான் கூட்டிப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

ஆனால் அந்த எண் வந்த கதை வேறு. ஆண்டர்ஸ் எரிக்ஸன் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் பெர்லினில் வயலின் படித்த மாணவர்களைப் பற்றி 1993இல் எழுதினார்கள். அங்கே மிக நன்றாக வாசித்தவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணித்தியாலத்துக்குக் கிட்டத் தனியாகப் பழகியிருந்தார்கள். சராசரி என்றால் அதற்குக் குறைவாகப் பழகியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம். பத்தாயிரம் தொட்டவுடன் கதவு திறக்கும் என்று யாரும் சொல்லவில்லை. டிவி பார்த்துக்கொண்டு பலகையில் தட்டிய மணித்தியாலத்தை நான் கணக்கில் எடுப்பதும் இல்லை.

விரல் வீங்கியிருக்கு, தோல் உரியுது. பிள்ளை அழுறான்.

முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருக்கும். இரத்தம் வந்தால் இரண்டு நாள் நிறுத்துங்கள், வாயால் சொல்லிப் பழகட்டும். விரலுக்குப் போடும் கூடு பிறகு. என் குருநாதர் முதல் வருடம் என்னைக் கூடு போட விடவில்லை. நான் அவ்வளவு கொடுமைக்காரன் இல்லை, கை ஒழுங்காக விழுகிறது என்று கண்டால் முன்னமே போட விடுவேன்.

கூடு செய்வது ஒரு தனி வேலை. வெள்ளை வேட்டித் துணியை நீட்டு நீட்டாகக் கிழித்து, கோதுமை மாப் பசையில் தோய்த்து, விரல் அளவுக்குச் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். இறுக்கிச் சுற்றினால் இரத்தம் ஓடாது, இளக்கிச் சுற்றினால் வாசிக்கும்போது கழன்று பறக்கும். ஒருமுறை ஒரு பொடியனின் கூடு பறந்து போய் ஐயரின் தட்டில் விழுந்தது. காய்ந்தால் கல்லு மாதிரி இருக்கும். எலிக்கு நல்ல விருப்பம், தகரப் பெட்டியில் பூட்டி வையுங்கள்.

விரலைவிட நான் பயப்படுவது காதுக்கு. விரல் ஆறும், காது ஆறாது. சின்ன அறைக்குள் இரண்டு, மூன்று தவில் வைத்துப் பழக வேண்டாம். மரத்தடி நல்லது. வீட்டுக்குள் பழகினால் பலகை போதும்.

தவில் இப்பவே வாங்க வேணுமோ?

வேண்டாம். முதல் வருடம் பலகையும் தடியும்தான். இரண்டாம் வருடம் நிற்பான் என்று தெரிந்தால், பழகின ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழைய தவில் ஒன்று வாங்குங்கள். கட்டையில் வெடிப்பு இருக்கிறதா என்று உள்ளே டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தோல் போனால் மாற்றலாம், கட்டை போனால் விறகுதான்.

எங்கள் பக்கத்துக் காலநிலையும் கவனம். சோளகக் காற்றுக் காலத்தில் தோல் இழுத்துக்கொண்டு கிண்ணென்று நிற்கும், வெயிலில் வைத்தால் கிழியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறித் தொய்ந்துவிடும், எவ்வளவு அடித்தாலும் பொத்துப் பொத்தென்றுதான் கேட்கும். மழைக்காலத்தில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில், நிலத்தில் படாமல் வையுங்கள். மண் நிலத்தில் வைத்தால் கறையான் வரும். அது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது, கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

யூரியூப் பாத்துப் பழகலாம்தானே?

கேட்பதற்கு நல்லது. நான் சின்னவனாக இருந்தபோது ஒரு கசெற் கைக்கு வர ஒரு மாதம் காத்திருப்போம். இப்போதைய பிள்ளைகள் பெரிய பெரிய வித்துவான்களைப் படுத்த படுக்கையில் கேட்கிறார்கள், அது பெரிய வரம்.

பழகுவதற்குச் சரிவராது. ஒரு பொடியன் ஆறு மாதம் வீடியோ பார்த்துப் பழகிவிட்டு என்னிடம் வந்தான். நல்ல தாளக் கட்டு, ஆனால் தடி வலக்கையில். இடக்கைக்காரர்கள் அப்படி வாசிப்பதுண்டு, அதனால் நீ இடக்கைக்காரனா என்று கேட்டேன். இல்லை. அவன் பார்த்தது போனின் முன் கமராவில் எடுத்த வீடியோ, கண்ணாடியில் தெரிகிற மாதிரிக் கை மாறித் தெரிந்திருக்கிறது. அதைத் திருத்த எங்களுக்கு எட்டு மாதம் போனது.

கிளிநொச்சியில, முல்லைத்தீவில பெரிய வித்துவான்மார் இல்லை. யாழ்ப்பாணம் போகத்தான் வேணுமோ?

அடிப்படைக்குத் தேவையில்லை. ஐந்து வருடத்துக்கு இங்கே இருக்கிறவர்களிடமே சரக்கு இருக்கிறது. அதன் பிறகு போக வேண்டும், இல்லாவிட்டால் கை ஒரே ஆளின் நடையில் உறைந்துவிடும். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் அறுபத்தைந்து கிலோமீற்றர் அளவுதான், காலை பஸ்ஸில் போய் இரவு வரலாம். ஒட்டுசுட்டான், முள்ளியவளைப் பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம்.

ஆனால் திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணமே இங்கே வரும். இணுவில், அளவெட்டி என்று அந்தப் பக்கத்துக் குழுக்கள் வன்னிக் கோயில்களுக்கு வந்து வாசிக்கின்றன. உருத்திரபுரம் சிவன் கோயிலாக இருக்கட்டும், ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரராக இருக்கட்டும், கச்சான் கடைப் பக்கம் நிற்காமல் மேளத்துக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். தாளம் போட ஆள் இல்லையா என்று கேளுங்கள். பத்துக் கேள்வியில் ஒன்றுக்கு ஓம் என்பார்கள். நான் அப்படித்தான் முதலில் தாளம் பிடித்தேன்.

இந்தியாவுக்கு அனுப்ப வசதி இருந்தால், தமிழ்நாட்டு மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் தவிலும் நாதஸ்வரமும் மூன்று வருடப் பாடம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் உண்டு, பழனிக் கோயில் தேவஸ்தானம் நடத்தும் பள்ளியும் உண்டு. மூன்று வருடத்தில் வித்துவான் ஆகலாமே என்று கேட்காதீர்கள். முதல் கேள்வியில் சொன்னதுதான், அந்த மூன்று வருடத்துக்குப் பிறகு திருவிழாக் கணக்குத் தொடங்கும்.

இதில விழுந்தா ஓ.எல். பெயிலாகிடுவான்.

தவிலால் பெயிலான பிள்ளையை நான் காணவில்லை, போன் பார்த்துப் பெயிலானவர்களைக் கண்டிருக்கிறேன். சோதனைக்கு மூன்று மாதத்துக்கு முன்பு திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன், அரை மணித்தியாலப் பலகை மட்டும். சாதாரண தரத்தில் கர்நாடக சங்கீதத்தை ஒரு பாடமாக எடுத்தால் இரண்டுக்கும் உதவும். சுரம் தெரியாத தவில்காரன் நாதஸ்வரக்காரருக்குத் தலையிடி.

நாங்கள் மேளகாரக் குடும்பம் இல்லை. பழகலாமோ? ஊர் என்ன சொல்லும்?

குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிற கேள்வி இது, எப்போதும் வளவுக்கு வெளியே வைத்துத்தான் கேட்பார்கள். பழகலாம். இந்த வாத்தியங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் இசை வேளாளர் குடும்பங்கள்தான், அந்தக் கடனை மறக்கக் கூடாது. ஆனால் வித்தை அவர்களோடு நின்றதில்லை. ஷேக் சின்ன மௌலானா இஸ்லாமியர், ஸ்ரீரங்கத்தில் இருந்து நாதஸ்வரம் வாசித்தவர். எந்தக் கோயிலும் அவர் ஊதினால் காதைப் பொத்தவில்லை.

ஊர் என்ன சொல்லும் என்பது இன்னொரு கதை. கேட்கிறவர்கள் சிலருக்கு உண்மையான பயம், மகனையும் நாளைக்கு மேளகாரன் என்று கூப்பிட்டுக் கடைசிப் பந்தியில் இருத்திவிடுவார்களோ என்பது. மேளம் வாசலில் வேண்டும், வாசித்தவன் வீட்டுக்குள் வேண்டாம் என்ற காலத்தை நானும் பார்த்திருக்கிறேன். சில இடத்தில் இன்னும் மணம் வீசுகிறது. அதை மாற்ற வேண்டியது ஊர். அதற்காகப் பிள்ளையின் தடியைப் பிடுங்க வேண்டியதில்லை.

பொம்பிளைப் பிள்ளை தவில் அடிக்கலாமோ?

அடிக்கலாம். என்னிடம் இருவர் வருகிறார்கள், ஒருத்தியின் இடக்கை என் பொடியன்கள் எல்லோரையும்விடச் சுத்தம். மதுரை பொன்னுத்தாய் பெண்கள் ஊதாத காலத்தில் நாதஸ்வரம் ஊதியவர். காலீஷாபி மஹபூப் கணவரோடு சேர்ந்து ஊதுகிறார், இருவருக்கும் 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வருடக் கணக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். இரவுத் திருவிழாவுக்கு யார் கூட்டிக்கொண்டு போவது, யார் கூட்டிக்கொண்டு வருவது என்பதைத்தான் தாயும் தகப்பனும் முதலே பேசி வைக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் திறமையான பிள்ளை ஒன்று மூன்றாம் வருடத்தோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

லண்டனில என்ர தங்கச்சியின்ர மகள் செல்லோ படிக்கிறாள். எட்டுத் தரம் சோதனை எண்டு கணக்கா இருக்கு. தவிலுக்கு ஏன் அப்பிடி ஒண்டும் இல்லை?

இந்த அண்ணை போனில் அந்தப் பிள்ளை வாசிப்பதையும் காட்டினார். வயலின் மாதிரிதான், ஆனால் பெரிசு. கதிரையில் இருந்து முழங்காலுக்கு நடுவே பிடித்து வில்லால் இழுக்கிறாள். நாலு தந்தி. குரல் ஆம்பிளைக் குரல் மாதிரி அடியில் இருந்து வருகிறது. சின்னப் பிள்ளைகளுக்குக் கால் அளவு, அரை அளவு, முக்கால் அளவு என்று செல்லோ உண்டாம், வளர வளர மாற்றுவார்களாம். எங்கள் சின்னத் தவில் மாதிரி.

எட்டுத் தரம் என்பது முடிவு இல்லை, அதைத்தான் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. ஏழு வயதில் தொடங்கிய பிள்ளை பதினாறு, பதினேழில் எட்டாம் தரம் முடிக்கும். அது இசைக் கல்லூரி வாசல் மட்டும். அங்கே நாலு வருடப் பட்டப்படிப்பு, பலர் அதற்கு மேல் ஒன்று, இரண்டு வருடம் முதுகலை. பிறகு வாத்தியக் குழுவில் இடத்துக்குப் போட்டி, பல குழுக்கள் முதல் சுற்றில் திரைக்குப் பின்னால் இருத்தி வாசிக்கச் சொல்லித் தெரிவு செய்கின்றன. முகம் தெரியாது, வாசிப்பு மட்டும். கூட்டிப் பார்த்தால் பதினைந்து வருடத்துக்கு மேல். நான் முதல் கேள்வியில் சொன்ன பெரிய கணக்கும் அதுதானே. எட்டாம் தரம் பாஸ் பண்ணிய பிள்ளை எங்கள் அளவில் இரண்டாம் தவில்.

அங்கே தரத்தைக் கடதாசியில் எழுதிக் கொடுக்கிறார்கள். எங்கள் தரம் அடுத்த வருடம் அதே கோயில் உங்களைக் கூப்பிடுகிறதா என்பதில் தெரியும். கடதாசி இருந்தால் நல்லது என்றுதான் நானும் நினைக்கிறேன். இடம்பெயர்ந்து போனவர்களுக்கு, புது ஊரில் தான் யார் என்று காட்ட ஒன்றுமே இருக்கவில்லை.

இதை மட்டும் நம்பிச் சீவிக்க ஏலுமோ?

வன்னியில் இருந்துகொண்டு, தவில் மட்டும் என்றால் சிரமம். தை, வைகாசி, ஆவணியில் கல்யாணம் நிறைய. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஆனால் ஆடி, ஆவணியில் திருவிழா, மார்கழியில் திருவெம்பாவைக்குப் பத்து நாள் விடியப்புறம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வைகாசியில். மழை தொடங்கினால் கந்தசஷ்டியைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை, அந்த நேரம் காலபோக விதைப்பு, நாங்களும் வயலில்தான். எனக்குத் தெரிந்த தவில்காரர்களில் பாதிப் பேருக்கு வயல், சிலருக்கு ஆட்டோ. காசு பெரும்பாலும் குழுவாகத்தான் வரும். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி என்று பங்கு பிரியும். முதல் தவிலுக்குக் கூட, தாளக்காரப் பொடியனுக்குக் குறைவு.

அட்வான்ஸ் வாங்காமல் போக வேண்டாம். ஒரு கோயில் நிர்வாகம், பெயர் வேண்டாம், தீர்த்தம் முடிந்து மூன்று மாதம் கழித்துப் பாதிக் காசும் ஒரு பொன்னாடையும் தந்தது. பொன்னாடையை வைத்து அரிசி வாங்க முடியாது. லண்டன், பாரிஸ், சுவிஸ் கோயில்களுக்குக் கூப்பிடுகிறார்களே என்பார்கள். கூப்பிடுகிறார்கள், முதல் தவில்காரர்களை.

எப்ப இவன் தொழில்காரன் எண்டு தெரியும்?

பார்க்கிறவர்கள் வேகமாக அடிப்பதைப் பார்த்துச் சொல்வார்கள். நான் பார்ப்பது கெட்டிமேளம். ஐயர் கை காட்டுகிறார், மாப்பிள்ளை தாலியை எடுக்கிறார், அந்தக் கணத்தில் மேளம் எழும்ப வேண்டும். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அதில் வித்தை எதுவும் இல்லை, கண் மட்டும் வேண்டும்.

பதினைந்து வயதில் பரந்தனில் ஒரு கல்யாணம். நான் இரண்டாம் தவில். வீடியோக்காரர் புதிதாக ஒரு லைற் கொண்டு வந்திருந்தார், அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். ஐயர் கை காட்டியது தெரியவில்லை. மற்றவர்கள் தொடங்கி இரண்டு விநாடி கழித்துத்தான் நான் அடித்தேன். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுக்காமலே கண்ணைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒரு வருடம் அவர் என்னைக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை நான் கல்யாண வீட்டில் ஐயரின் வலக்கையைத் தவிர வேறொன்றையும் பார்ப்பதில்லை. மணப்பெண் எப்படி என்று வீட்டில் கேட்டால் பதில் இருக்காது.

நான் அஞ்சு வருசம் பழகினனான் அண்ணை, 2008இல விட்டது. அப்ப பதினெட்டு வயசு. இப்ப தொடங்கினா வருமோ?

வரும். இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. 2008 கடைசியில் சண்டையில் இடம்பெயர்ந்து தருமபுரம் வரை என் தவிலைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்து கிளம்பும்போது ஒரு சைக்கிள்தான் மிச்சம், அம்மாவுக்கு நடக்க முடியாது. தவிலை ரெக்சின் உறையோடு சுற்றி, இருந்த வளவில் மாமரத்துக்குக் கீழே புதைத்தேன். முகாமிலிருந்து வந்து 2010இல் வளவுக்காரரிடம் கேட்டுத் தோண்டினால், பலாக் கட்டை இருந்த இடத்தில் கறையான் மண். இரும்பு வளையங்களும் போல்ட்டுகளும் மட்டும் கிடைத்தன. அவற்றைச் சாக்கில் போட்டுக் கொண்டு வந்தேன், இப்போதும் பத்தியில் தொங்குகின்றன.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் தடி பிடிக்கவில்லை. திரும்பத் தொடங்கியபோது வாயில் சொல் எல்லாம் இருந்தது, ஒன்றும் போகவில்லை. கைதான் மறந்திருந்தது, அதிலும் இடக்கை. பழைய நிலைக்கு வர ஒன்றரை வருடம் எடுத்தது. உங்களுக்கு இடைவெளி பெரிது, பழகிய காலமும் ஐந்து வருடம்தான். அதனால் மூன்று வருடத்தில் இரண்டாம் தவில் என்று நான் கணக்குப் போடுகிறேன். முதல் தவில் பற்றி அப்போது பேசலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு வியாழன் பின்னேரம் ஏழு மணிக்கு வைத்திருக்கிறேன், உங்களைப் போல இன்னும் மூன்று பேர் வருகிறார்கள், ஒருவர் பேரப்பிள்ளை கண்டவர். பலகை என்னிடம் இருக்கிறது. தடிக்கு உங்கள் வேலியில் பூவரசு நிற்கிறதா என்று பாருங்கள்.